ஒரே வகுப்பில் சேர்த்து உட்காரவைத்தால் போதுமா? மூன்று கூட்டுக் கற்றல் முறைகள், ஓர் ஒப்பீடு

1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகள் ஒரே வகுப்பில் படித்தால் வெறுப்பு மெல்லக் குறையும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அதே ஆண்டில் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் அதற்கு நிபந்தனைகள் வைத்தார்: சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, அதற்காகச் சேர்ந்து உழைப்பது, மேலே இருப்பவர்களின் முழு ஆதரவு. இவை இல்லாத வகுப்புகளில் பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்தாலும் தனித்தனியாகவே இருந்தார்கள். இந்த நிபந்தனைகளை வகுப்பறைக்குள் கொண்டுவரும் முயற்சிகளில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ஜிக்சா. 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இனக் கலப்பு தொடங்கி, கைகலப்பு வரை போனபோது உளவியலாளர் எலியட் ஆரன்சன் குழுவினர் உருவாக்கியது. ஐந்தாறு பேர் கொண்ட குழு. பாடத்தை அத்தனை துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஒரே துண்டு கிடைத்தவர்கள் வேறு குழுக்களிலிருந்து வந்து ஒன்றாகக் கூடிப் படித்துவிட்டு, சொந்தக் குழுவுக்குத் திரும்பிக் கற்றுக்கொடுக்க வேண்டும். தேர்வு எல்லாத் துண்டுகளிலிருந்தும் வரும்.

ஆய்வாளர்கள் கார்லோஸ் என்று பெயரிட்டு எழுதிய மெக்சிக்க வம்சாவளிச் சிறுவனுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. அவன் தடுமாறியபோது குழுவினர் கேலி செய்தார்கள். கண்காணித்தவர் திட்டவில்லை. கேலி செய்தால் அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குக் கிடைக்காது, தேர்வு வரப்போகிறது என்று மட்டும் நினைவூட்டினார். அப்புறம் அவர்கள் அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது, வெள்ளையினப் பிள்ளைகளுடையது குறையவில்லை.

ஜிக்சாவுக்குச் செலவு குறைவு, தொடங்குவது சுலபம். ஆனால் வரலாறு போல வெட்டிப் பிரிக்க முடிகிற பாடத்துக்குத்தான் பொருந்தும். முந்தையது புரியாமல் அடுத்தது புரியாத கணக்கில் திணறும். அண்மையில் பிரான்சில் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த சோதனைகளில் கற்றலில் தெளிவான ஆதாயம் தெரியவில்லை. மதிப்பெண்ணுக்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்லேவின் வளர்த்த 'ஸ்டாட்' (Student Teams-Achievement Divisions என்பதன் சுருக்கம்). ஆசிரியர் வழக்கம்போலப் பாடம் நடத்துவார். நாலைந்து பேர் சேர்ந்து பயிற்சி செய்வார்கள், தேர்வை ஒவ்வொருவரும் தனியாக எழுதுவார்கள். புள்ளிக் கணக்கில்தான் இதன் நுட்பம் இருக்கிறது: தன் பழைய மதிப்பெண்ணை ஒரு பிள்ளை எவ்வளவு தாண்டுகிறது என்பதற்கே புள்ளி. வழக்கமாக 40 வாங்கும் பிள்ளை 52 வாங்கினால் குழுவுக்கு 30 புள்ளி. 90 வாங்கும் பிள்ளை 91 வாங்கினால் 20. பின்தங்கிய பிள்ளையைச் சுமையாகப் பார்த்த குழு, அவன் முன்னேற்றத்தில் அக்கறை காட்டத் தொடங்கும். பால்டிமோரில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் படித்த வகுப்புகளில் இதைச் செய்து, ஓராண்டு கழித்து நண்பர்கள் யார் யார் என்று கேட்டார்கள். குழுக்களில் படித்தவர்கள் சொன்ன பெயர்களில் 37.9 சதவீதம் வேற்று இனத்தவர். மற்றவர்கள் சொன்னதில் 9.8 சதவீதம்.

குறை என்னவென்றால், இங்கேயும் அளவுகோல் அதே தேர்வுதான். யார் கெட்டிக்காரன், யார் மக்கு என்று வகுப்பு ஏற்கெனவே போட்டுவைத்த வரிசையை ஸ்டாட் கேள்வி கேட்பதில்லை.

அந்த வரிசையிலேயே கைவைத்தவர், மூன்றாவது முறையை உருவாக்கிய ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோஹன். சம எண்ணிக்கையில் உட்காரவைத்தாலும் வெள்ளையினப் பையன்கள் பேச, கறுப்பினப் பையன்கள் ஒதுங்கியே இருப்பதைப் பார்த்தார். 1972-இல் வெளியான சோதனையில், கறுப்பினப் பையன்களுக்கு முதலில் ரேடியோ செய்யக் கற்றுக்கொடுத்து, அவர்களையே வெள்ளையினப் பையன்களுக்கு ஆசிரியர்களாக்கினார். அதற்குப் பிறகு சேர்ந்து செய்த வேலையில் வெள்ளையினப் பையன்களின் ஆதிக்கம் குறைந்தது. கறுப்பினப் பையன்களின் தன்னம்பிக்கையை மட்டும் உயர்த்தியது போதவில்லை; எதிரே இருப்பவனும் 'இவனுக்குத் தெரியும்' என்று கண்ணால் பார்த்தாக வேண்டியிருந்தது. மூன்று முறைகளிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கண்டுபிடிப்புதான். ஒடுக்கப்பட்ட பிள்ளைக்குத் தைரியம் சொல்வதோடு பல பள்ளிகள் நின்றுவிடுகின்றன.

இதிலிருந்து வளர்ந்ததுதான் 'காம்ப்ளெக்ஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. வரைவது, அளப்பது, வாதிடுவது, கட்டுவது என்று பல திறமைகள் கேட்கும் வேலையைக் குழுவுக்குக் கொடுப்பார்கள். எல்லாத் திறமையும் யாரிடமும் இல்லை, எல்லோரிடமும் ஏதாவது உண்டு என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடுவார். ஒதுங்கி நிற்கும் பிள்ளை உண்மையிலேயே ஒன்றைச் சரியாகச் செய்யும்போது, எது சரி, குழுவுக்கு அது ஏன் தேவை என்று எல்லோர் முன்னிலையிலும் விளக்குவார். 'வெரி குட்' என்ற பொத்தாம்பொதுவான பாராட்டு இங்கே உதவாது.

மொழியும் மதிப்பெண்ணும் இன வரிசையோடு ஒட்டிக் கிடக்கும் வகுப்புக்கு நான் கோஹன் முறையைத்தான் சொல்வேன். ஜிக்சாவில் கார்லோஸின் துண்டு குழுவுக்குத் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் அதை அவன் திக்கித் திணறிச் சொல்லும்போது அவனைப் பற்றிய பழைய எண்ணம் உறுதிப்படவும் வாய்ப்புண்டு. எல்லோரும் ஓரளவு சரளமாகப் பேசும், முட்டலும் மோதலும் மட்டும் நிறைந்த வகுப்பென்றால் ஜிக்சாவே போதும்.

கோஹன் முறைக்கு ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும், அப்படிப்பட்ட வேலைகளைத் தயாரிக்க நேரமும் வேண்டும். அதைத் தர முடியாத பள்ளி ஸ்டாட்டை எடுத்து, அதே குழுவைக் குறைந்தது ஐந்தாறு வாரம் கலைக்காமல் வைத்திருக்கட்டும்.