லம்போர்கினி உருஸ், ஃபெராரி புரோசாங்குவே: இரண்டில் எது?

2017 டிசம்பரில் வெளிவந்த உருஸின் அடித்தளம் ஆடி க்யூ8, போர்ஷே கயேன் ஆகியவற்றோடு பங்கிட்டது. வெளிவந்தபோது அதில் 4 லிட்டர் இரட்டை டர்போ வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 650 குதிரைத்திறன், 850 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பெட்டிகள் வைக்க அப்போது 616 லிட்டர் இடம், ஏர் சஸ்பென்ஷன். கரடுமுரடான பாதையில் வண்டியை உயர்த்திக்கொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கு இதுதான் வசதி.

2022இல் வந்த புரோசாங்குவேயை எஸ்யூவி என்று அழைக்க ஃபெராரிக்கே மனமில்லை. டர்போ இல்லாத 6.5 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்), 725 குதிரைத்திறன். எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் பின் அச்சில். அதனால் முன்பின் எடைப் பங்கீடு 49:51. முன் சக்கரங்களுக்கு விசை போவது நான்காம் கியர் வரைதான். இருக்கைகள் நான்கே, 473 லிட்டர் டிக்கி. முன்சக்கரம் 22 அங்குலம், பின்சக்கரம் 23. டயர்களை முன்பின் மாற்றிப் போட வழியில்லை.

தோற்றத்தில்தான் உண்மையான போட்டி. உருஸின் சக்கரங்களுக்கு மேலுள்ள கோண வளைவுகள் லம்போர்கினியின் பழைய கரடுமுரட்டுப் பாதை வண்டியான 1986இன் எல்எம்002விலிருந்து வந்தவை. ஒடுங்கிய சன்னல் கண்ணாடிகளும் அகன்ற முன்வாயும் அதைக் கனமாகக் காட்டுகின்றன. கொஞ்சம் கத்தல்தான். புரோசாங்குவேயின் முகப்பில் காற்று போகும் வழக்கமான கிரில்லே கிடையாது. விளக்குகளையொட்டிய துளைகள் காற்றை உள்வாங்குகின்றன. கூரை ஸ்பாய்லர் காற்றைத் திருப்பிப் பின்கண்ணாடியைச் சுத்தமாக வைப்பதால் வைப்பரும் இல்லை. பின்புறம் கீல் வைத்த பின்கதவுகள் ஏறி இறங்க எளிது. உயரம் 1,589 மில்லிமீட்டர், உருஸைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் குறைவு. ஸ்போர்ட்ஸ் கார் சாயல் இதில்தான் மிச்சமிருக்கிறது.