மாஞ்சோலையா, பொன்முடியா, கொடைக்கானலா? நெல்லைக்காரர்களுக்கு ஒரு மலைக் கணக்கு

லீவு வந்தால் திருநெல்வேலியில் பாதிப் பேர் வாயில் வருவது கொடைக்கானல், மீதிப் பேருக்கு மூணாறு. மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் பொதிகை தெரிகிறது. அதை விட்டுவிட்டு மதுரையைத் தாண்டி ஓடுகிறோம். மரமும் மழையும் பார்க்கத்தான் போகிறோம் என்றால் முதலிடம் பொதிகைத் தொடரில் இருக்கிற மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கே அனுமதி கிடைக்காவிட்டால், அதே மலைத்தொடரின் கேரளப் பக்கம் இருக்கிற பொன்முடி. கொடைக்கானல் மூன்றாவதுதான். இது என் கட்சி.

மாஞ்சோலைக்குக் கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு வழியாகப் போக வேண்டும். அணையைத் தாண்டியதும் வனத்துறை செக்போஸ்ட். அதற்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். ரோடு குறுகல், எதிரே ஒரு வண்டி வந்தால் யார் பின்னால் எடுப்பது என்று ஒரு சின்னப் பஞ்சாயத்து நடக்கும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏற ஏறக் காடு அடர்ந்துகொண்டே போகும். தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் உடனே சோலைக்காடு. நடுவே வீடோ கடையோ விடுதியோ இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சு இறங்கி, பத்தடி முன்னால் நிற்கிற மரம் மறைந்துவிடும். மழை என்றால் சாதாரண மழை இல்லை. தென்மேற்குப் பருவத்திலும் உண்டு, வடகிழக்கிலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் செய்தியில் மழை அளவு வாசிக்கும்போது ஊத்தும் நாலுமுக்கும் முன்வரிசையில் வருவதைக் கேட்டிருப்பீர்கள். கீழே பாளையங்கோட்டையில் தூறல்கூட இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனி எடுத்த நிலம் இது. எட்டாயிரம் ஏக்கருக்கு மேல். 1999 ஜூலை 23-ல் இந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலம் தடியடியில் முடிந்து, தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. குத்தகை முடிய நாலு வருடம் இருக்கும்போதே, 2024-ல், கம்பெனி தோட்ட வேலையை நிறுத்திக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களின் லைன் வீடுகளைப் பார்த்துக்கொண்டேதான் அந்த ரோட்டில் போக வேண்டும். வெறும் செல்ஃபி இடமாக அதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

மாஞ்சோலையின் பெரிய குறை, நினைத்த நேரத்தில் போக முடியாது என்பது. அனுமதி வேண்டும், மழை பலத்தால் அதுவும் கிடையாது. அம்பாசமுத்திரத்தில் வனத்துறையிடம் கேட்காமல் வண்டியை எடுக்காதீர்கள். மணிமுத்தாறு வரை போய்த் திரும்பி வந்து பாபநாசத்தில் குளித்துவிட்டு வந்த குடும்பங்கள் ஏராளம்.

அப்படித் திரும்புகிற நிலைமை வந்தால்தான் பொன்முடியின் அருமை தெரியும். நம் பக்கம் பொதிகை என்கிற அகத்தியமலைத் தொடர்தான் அந்தப் பக்கமும். இங்கே விழுகிற மழை தாமிரபரணிக்கு; அங்கே விழுகிறது கல்லாறாகி வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து அரபிக்கடலுக்கு. உயரம் சுமார் 1,100 மீட்டர்தான், குளிர் பல்லைக் கிட்டாது. ஆனால் மாஞ்சோலையில் மரம் மறைக்கிற வானம் இங்கே முழுசாகத் திறந்து கிடக்கும். உச்சியில் புல்வெளி, சுற்றிலும் மலை மடிப்பு, காற்று என்றால் குடையைத் திருப்பிப் போடுகிற காற்று.

போகிற வழியே பாதிச் சுகம். தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைந்ததுமே காற்றில் ஈரம் ஏறிவிடும். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவந்து கொட்டுவதும் இந்தக் கணவாய்தான். கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டிப் பழைய ரயில் பாதையின் பதின்மூன்று கண் பாலம். அப்புறம் தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, விதுரை. கடைசியில் 22 கொண்டை ஊசி வளைவுகள். மாலை ஆகிவிட்டால் மேலே விடமாட்டார்கள். மண்சரிவு என்றால் பாதையையே மூடிவிடுவார்கள். மழை நாளில் புல்லில் நடந்தால் அட்டை ஏறும். சாக்ஸுக்குள் புகுந்து குடித்து முடித்துத் தானாக விழுந்த பிறகுதான் ரத்தம் கண்ணில் படும். உப்புப் பொட்டலம் ஒன்று கையில் இருக்கட்டும், பிடுங்கி இழுக்க வேண்டாம்.

கொடைக்கானலைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. 2,100 மீட்டர் உயரத்துக் குளிர் நம் மலையில் கிடைக்காது. சித்திரை வெயிலில் சின்னப் பிள்ளைகளையும் ஆச்சி, தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் அதுதான் சரி. அறை, ஆஸ்பத்திரி, சாப்பாடு எல்லாம் கைக்கு எட்டும். ஆனால் ஏரியே 1863-ல் வெட்டிக் கட்டியது. பைன் காடு நட்டு வளர்த்தது. மே மாதம் வெள்ளி அருவியிலிருந்தே வண்டிகள் வரிசை கட்டும். கூட்டம் தாங்காமல்தான் உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்தது. ஊருக்குள் நிற்காமல் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போய்விட்டால் பழைய கொடைக்கானல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

மூணாறு அழகுதான், வரையாடு பார்க்க இரவிகுளம் மாதிரி வேறு இடமில்லை. ஆனால் ராஜபாளையம், தேனி, போடிமெட்டு என்று போய்ச் சேரவே ஒரு பகல் கரைந்துவிடும். ரெண்டு ராத்திரி தங்க முடியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். வரையாடு குட்டி ஈனுகிற பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளத்தை மூடியும் வைத்திருப்பார்கள்.

பொன்முடிக்கு என்றால் புரட்டாசியில் ஒரு வார நாளாகப் பாருங்கள். ஆடி மழை ஓய்ந்து, ஐப்பசி மழை பிடிக்காத இடைவெளி அது. விடியுமுன் கிளம்பி, புளியோதரையைக் கட்டிக்கொண்டு போனால் மதியத்துக்குள் உச்சியைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது கல்லாற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.