ஃபேன் ஓடுது, சூடு வரலை: கேம்பர் ஃபர்னஸோடு ஒரு நீண்ட பழக்கம்

வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்று விலை குறைந்து வந்திருக்கிறது, உங்களிடம் இருக்கும் அதே ரக புரொப்பேன் ஃபர்னஸ்தான் (கேஸை எரித்து அறையைச் சூடாக்கும் பெட்டி) அதிலும் இருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். "நல்லா சூடு பண்ணுமா?" என்பதும் அவர் கேள்வி. பண்ணும். என்னுடையது 30,000 பிடியூ ஃபர்னஸ் (பிடியூ என்பது சூட்டின் அளவு), 22 அடி டிரெய்லர். மிச்சிகனில் அக்டோபர் இரவில் புல்மேல் உறைபனி படிந்திருந்தாலும் உள்ளே கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்ற வைத்துவிடும். அந்த விஷயத்தில் ஒரு குறையும் கிடையாது. இது நின்றுபோனால் எந்தப் பக்கமாகத் திறப்பது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. என் எரிச்சல் முழுக்க அங்கேதான்.

இந்த ஃபர்னஸ்களுக்கு வரும் நோய் பெரும்பாலும் ஒன்றுதான். தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் ஃபேன் ஓடும், குளிர்ந்த காற்று வரும், அத்தோடு சரி. பார்ப்பவர்கள் உடனே, ஃபர்னஸை இயக்கும் சர்க்யூட் போர்டைச் சொல்லி, "போர்டு போயிடுச்சு" என்பார்கள். புதுப் போர்டு வாங்கி மாட்டினால் அதுவும் குளிர்ந்த காற்றைத்தான் ஊதும். போர்டு போவதும் உண்டுதான், ஆனால் சந்தேகப் பட்டியலில் அதைக் கடைசியில் வையுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ப்ளோவர், அதாவது அந்த ஃபேன், சுழலத் தொடங்கும், மாடலைப் பொறுத்து உடனேயோ அரை நிமிடத்துக்குள்ளோ. முழு வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை அது எட்டியதும் காற்றின் வேகத்தில் செயில் சுவிட்ச் ஆன் ஆகும். அதே லைனில் அடுத்து லிமிட் சுவிட்ச், சூடு அளவு மீறினால் தீயை நிறுத்துவது. இரண்டையும் தாண்டினால்தான் பற்றவைக்கும் வேலையை போர்டு ஆரம்பிக்கும். 15 விநாடி போல எரியறையைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, கேஸ் வால்வைத் திறந்து, ஏழெட்டு விநாடி 'டிக் டிக் டிக்' என்று பொறி விடும். தீ பற்றியது பொறி விடும் எலெக்ட்ரோடு வழியாகத் தெரிந்தால் தொடர்ந்து எரியும். தெரியாவிட்டால் வால்வை மூடி மறுபடி முயலும். பெரும்பாலான போர்டுகள் மூன்று முறை பார்த்துவிட்டு லாக் ஆகிவிடும். தெர்மோஸ்டாட்டை அணைத்துப் போட்டால்தான் திரும்ப வரும்.

ஆகவே மீட்டரை எடுப்பதற்கு முன்னால் காதைத் தீட்டுங்கள். டிக் சத்தமே இல்லையென்றால் வோல்டேஜ், செயில் சுவிட்ச், லிமிட் சுவிட்ச், இந்த மூன்றில் ஒன்று. சத்தம் வந்தும் தீ வரவில்லையென்றால் கேஸ் பக்கம் போங்கள். பற்றிய சில விநாடிகளில் அணைந்தால் எலெக்ட்ரோடோ எர்த்தோ. அழகாகச் சில நிமிடம் எரிந்து, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீ மட்டும் அணைந்து, பிறகு தானே பற்றினால் அது லிமிட் சுவிட்சின் வேலை. அது தன் கடமையைத்தான் செய்கிறது, அதை மாற்றாதீர்கள். அறைக்குள் சூடான காற்று வரும் வென்ட் மூடியிருப்பது, அந்தக் காற்றைக் கொண்டுவரும் 4 அங்குல டக்ட் நசுங்கியிருப்பது, காற்று திரும்பி வரும் கிரில்லுக்கு முன்னால் குவித்த செருப்பு, இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். "பெட்ரூம் ரொம்ப சூடு" என்று வென்ட்டை மூடிவைப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

வோல்டேஜை பேட்டரி முனையில் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ப்ளோவர் ஓடும்போது ஃபர்னஸுக்குள் வரும் ஒயரில் பாருங்கள். 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் எதுவும் நடக்காது, ப்ளோவர் சோம்பலாகச் சுழலும், செயில் சுவிட்ச் அசையாது. பேட்டரியில் 12.4 காட்டி ஃபர்னஸில் 10.8 வருகிறதென்றால் நடுவில் எங்கோ துருப்பிடித்த எர்த் ஸ்க்ரூ போன்ற மோசமான இணைப்பு இருக்கிறது. கணக்கும் சுலபம்தான். இந்த அளவு ஃபர்னஸின் ப்ளோவர் 7 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். குளிர் இரவில் பாதி நேரம் ஓடினால் 10 மணி நேரத்தில் 40 ஆம்பியர்-மணி. 80 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் கையிருப்பும் அதே 40, குளிரில் அதிலும் குறையும். படுக்கும்போது ஒழுங்காக ஓடிய ஃபர்னஸ் விடிகாலை 4 மணிக்கு வெறும் காற்றை ஊதுவதன் ரகசியம் இதுதான். கொடுமை என்னவென்றால், தீ பற்றாததால் அறை சூடாகாது, அறை சூடாகாததால் ஃபேன் நிற்காது, மிச்சமிருக்கும் பேட்டரியையும் அதுவே குடித்துவிடும். லித்தியம் பேட்டரி கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் ஹீட்டர் இல்லாத லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

வோல்டேஜ் சரியாக இருந்தும் டிக் இல்லையென்றால் முன் மூடியைக் கழற்றி, ஃபேன் ஓடும்போதே செயில் சுவிட்சின் இரண்டு ஒயரிலும் மீட்டரை வையுங்கள். ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் ஒன்றுமில்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

அந்தப் பொருளைக் கையில் வைத்துப் பார்த்தால் கோபமும் வரும், சிரிப்பும் வரும். கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு மைக்ரோ சுவிட்ச், அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தகடு. அந்தத் தகட்டின் மூட்டில் ஒரு நாய்முடி சுற்றியிருந்தால் போதும். இல்லை, வருடக்கணக்கில் சேர்ந்த கம்பளப் பஞ்சின் பாரத்தில் தகடு ஒரு மில்லிமீட்டர் குறைவாக அசைந்தால் போதும். விரலால் தள்ளினால் 'க்ளிக்' என்று நல்ல பிள்ளையாகச் சத்தம் போடும், காற்று தள்ளினால் போடாது. சுத்தம் செய்தால் ஓடும், ஆனால் கழற்றியாகிவிட்டால் புதிதையே போட்டுவிடுங்கள். கடைக்காரரின் ஒரு மணி நேரக் கூலியைவிட விலை குறைவு. மாடல் நம்பர் பார்த்து வாங்குங்கள். தகட்டின் நீளம் மாடலுக்கு மாடல் மாறும், தவறானதைப் போட்டால் ஆன் ஆகவே ஆகாது.

இந்தச் சின்னப் பொருளை ப்ளோவர் கூட்டின் பின்புறம் வைத்திருக்கிறார்கள். வெளிக்கதவு உள்ள மாடல்களில் டிரெய்லருக்கு வெளியே நின்றே பல பாகங்களைத் தொட முடியும். வெளிக்கதவு இல்லாத மாடலில், உள்ளே முன் மூடியைத் திறந்தால் சுவிட்சின் ஒயர் தெரியும், சுவிட்சுக்குக் கை போகாது. குழம்பில் உப்புப் பார்க்க அடுப்பையே பெயர்த்து எடுப்பது மாதிரி முழு ஃபர்னஸையும் வெளியே இழுக்க வேண்டும். தூசி சேரும் என்று தெரிந்த ஓர் இடத்தில், தூசி பட்டாலே நின்றுபோகும் ஒரு பாகத்தை வைத்துவிட்டு, அதற்கு வழியும் விடாமல் போனவர்களை என்ன சொல்ல!

இழுப்பதற்கு முன் சிலிண்டரை மூடுங்கள், பேட்டரி, ஷோர் பவர் (வெளியிலிருந்து ஒயரில் வரும் கரண்ட்) இரண்டையும் துண்டியுங்கள். வெளியே வென்ட் மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்து, காற்றுக் குழாயையும் புகைக் குழாயையும் உருவுங்கள். உள்ளே கேஸ் லைனின் ஃப்ளேர் நட்டை (குழாயின் விரிந்த வாயை அழுத்திப் பிடிப்பது) இரண்டு ஸ்பேனர் போட்டுத்தான் கழற்ற வேண்டும், ஒன்று திருப்ப, இன்னொன்று பிடித்துக்கொள்ள. இல்லாவிட்டால் செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது ஃப்ளேர் முகத்தில் டெஃப்லான் டேப்போ பசையோ வேண்டாம், அங்கே உலோகம்தான் உலோகத்தோடு ஒட்டி அடைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குமிழி வந்தால் நிறுத்துங்கள். புகைக் குழாய் எரியறை வாய்க்குள் முழுசாக உட்கார்ந்ததா என்று இரண்டு முறை பாருங்கள். உட்காரவில்லையென்றால் கார்பன் மோனாக்சைடு நீங்கள் தூங்கும் அறைக்குள்தான் வரும். செயில் சுவிட்சை ஒயரால் ஷார்ட் செய்து அப்படியே ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். சோதிக்க ஒரு தடவை சரி, ஓட்டக் கூடாது. எரிவதற்கான காற்றைத் தருவதும் அதே மோட்டார்தான், அது தளர்ந்துபோனதைச் சொல்லும் ஒரே ஆள் இந்த சுவிட்ச்.

கேஸ் பக்கம் இவ்வளவு வில்லங்கம் கிடையாது. கேஸ் அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரில் 11 அங்குல நீர் அளவு காட்ட வேண்டும். மானோமீட்டர் இல்லையென்றால் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு, ஃபர்னஸ் வால்வு திறக்கும் நொடியில் அந்தத் தீயைக் கவனியுங்கள். சடாரென்று சுருங்கினால் ரெகுலேட்டர் தடுமாறுகிறது, அல்லது சிலிண்டரை வேகமாகத் திறந்ததால் ஹோஸில் இருக்கும், கேஸ் வேகம் மீறினால் அடைக்கும் ஓட்டத் தடுப்பான் அடைத்துக்கொண்டிருக்கிறது. சிலிண்டரை மூடி, ஒரு நிமிடம் விட்டு, மெதுவாகத் திறங்கள். ஸ்டவ் எரிகிறது என்பதால் மட்டும் கேஸ் சரி என்று முடிவுகட்ட வேண்டாம், ஒரு பர்னரைப் போல மூன்று நான்கு மடங்கு ஃபர்னஸ் கேட்கும். வெளி வென்ட்டில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எலெக்ட்ரோடு இடைவெளி 3 மில்லிமீட்டர் போல இருக்க வேண்டும்.

சூட்டின் தரத்தில் இதற்கு ஈடு இல்லை என்றுதான் இன்னமும் சொல்வேன். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் உண்டாகும். வென்ட் இல்லாத ஹீட்டர் அதை உங்கள் ஜன்னலில் வழியவிடும், இது வெளியே தள்ளிவிடும். தரைக்கு அடியில் டக்ட் போகிற டிரெய்லர்களில் தண்ணீர்த் தொட்டியும் உறையாமல் தப்பும், கரண்ட் ஹீட்டர் அதைச் செய்யாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வெளிக்கதவு இல்லையென்றால் அந்த டிரெய்லரை வாங்காதீர்கள் என்றுதான் நண்பருக்கு எழுதினேன். விலை குறைந்தது இதற்காகக்கூட இருக்கலாம். கதவு இருந்தால் போய்ப் பாருங்கள். ஆனால் விற்பவர் ஷோர் பவரில் ஓட்டிக் காட்டுவார், அதில் பேட்டரிப் பக்கக் கோளாறு வெளியே தெரியாது. ஒயரைப் பிடுங்கச் சொல்லி, பேட்டரியில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.