கைக்கு நீலம், முகத்துக்குப் பச்சை: சைன்ரைட்டிங்கை நிறம் போட்டுப் படித்த மூன்று வருடம்

"அக்கா, சைன்ரைட்டிங் படிக்க ஆரம்பிக்கப் போகிறேன். கலர் போட்டுப் படிக்கட்டுமா, கறுப்பு வெள்ளையே போதுமா?" என்று தோழி ஒருத்தி கேட்டு நாலு நாள் ஆகிறது. சைகை மொழியைப் படம் போன்ற குறிகளால் எழுதும் முறைதான் சைன்ரைட்டிங். அவள் மகனும் என் மகளைப் போலக் காது கேளாத பிள்ளை. நாங்கள் இருப்பது கனடாவில், பிள்ளைகளின் மொழி அமெரிக்கச் சைகை மொழி. இரண்டு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

வேலரி சட்டன் நடன அசைவுகளை எழுத ஒரு முறை வைத்திருந்ததும், 1974-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டதால் அதிலிருந்து சைகைகளை எழுதும் முறை பிறந்ததும் அவளுக்குத் தெரிந்த கதைதான். நேராக நிறத்துக்கு வருகிறேன். சைன்ரைட்டிங்கைக் கணினியில் எழுதும் எழுத்துருவில் (font) கலரைத் தேர்ந்தெடுத்தால் கை நீலமாகும், அசைவும் தொடுகையும் சிவப்பாகும், தலையும் முகமும் பச்சையாகும், நிறுத்தக்குறி ஆரஞ்சாகும்.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்தப் பச்சைதான். நான் காதால் மொழி கற்றவள். சைகை என்றால் கை என்று மனதில் பதிந்து போயிருந்தது. முகத்தைக் குறிக்கும் வட்டங்களைக் கண் தாண்டிப் போய்விடும். கலர் போட்ட முதல் நாள், மேலிருந்து கீழே இறங்கும் வரிசையில் பச்சை வட்டங்கள் தனியாகத் தெரிந்தன. சிலவற்றில் புருவக் கோடு மேலே ஏறியிருந்தது, சிலவற்றில் கீழே இறங்கியிருந்தது. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயரும். யார், எங்கே, ஏன் என்று கேட்டால் சுருங்கி இறங்கும். வகுப்பில் ஆசிரியை பத்து முறை காட்டியதுதான். ஆனால் எழுத்தில் பச்சையாகப் பார்த்த பிறகுதான் அது இலக்கணம் என்று உறைத்தது. அதுவரை நான் கேட்பது கேள்வியா இல்லையா என்று தெரியாமல் மகள் என் முகத்தையே தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. கலருக்கு நான் பட்ட கடன் சின்னதல்ல.

ஆரம்பத்தில் எளிமையாகவும் இருக்கும். "அம்மா" என்ற சைகையில் விரித்த கையின் கட்டைவிரல் தாடையைத் தொடும். பச்சை வட்டம், நீலக் கை, தொடுகைக்குச் சிவப்பு நட்சத்திரம். அதே கை நெற்றிக்கு ஏறினால் "அப்பா". ஒரு பார்வையில் பிடிபட்டுவிடும்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இந்த எழுத்தில் கறுப்பும் வெள்ளையும் அலங்காரத்துக்கு இல்லை, அவற்றுக்கே பொருள் உண்டு. சைகை செய்பவர் தன் கையைத் தானே பார்ப்பதாக வைத்துத்தான் எழுதுகிறோம். உள்ளங்கை நம்மைப் பார்த்தால் கை வெள்ளை, புறங்கை தெரிந்தால் கறுப்பு, பக்கவாட்டில் இருந்தால் பாதிக்குப் பாதி. அம்பின் முனை நிரம்பியிருந்தால் வலது கை, வெறுமையாக இருந்தால் இடது கை. கலர் போட்டதும் கறுப்பு இருந்த இடமெல்லாம் நீலமும் சிவப்புமாக மாறிவிடுகிறது. வித்தியாசம் அழிந்துபோவதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நிரம்பிய நீலம், வெறும் நீலக்கோடு என்று இரண்டும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் நீலத்தைக் கண்டதும் "இது கை" என்று கண் திருப்தியாகி நகர்ந்துவிடுகிறது. எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு நிற்பதில்லை.

இந்த மாதம் அது வீட்டுக்குள்ளேயே வந்தது. உள்ளங்கை மேலே பார்க்கக் கையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் "பொருட்கள்". கீழே பார்க்க நகர்த்தினால் "குழந்தைகள்". மாலையில் குழந்தைகள் வருவார்கள் என்று மகளுக்குக் குறிப்பு எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். கலர் திரையில் எழுதியதால், கையை நிரப்ப விட்டுப்போய் அது "பொருட்கள்" ஆகிவிட்டது என் கண்ணில் படவே இல்லை. பார்சல் வரும் என்று காத்திருந்த பிள்ளை, வாசலில் நாலு பேரைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வருடம் படித்தும் இந்தத் தவறு எனக்கு வந்திருக்கக் கூடாது.

எது கை, எது முகம் என்பது வடிவத்தைப் பார்த்தாலே தெரியும். அதற்கு நிறம் தேவையே இல்லை. படிப்பவர் திண்டாடுவது வலதா இடதா, முன்னா பின்னா என்பதில்தான். இரண்டு கையும் ஒன்றாக நகரும் சைகையில் எல்லா அம்பும் ஒரே சிவப்பில் நின்றால் அது என்ன உதவி? ஒவ்வொரு குறிக்கும் நாமே தனி நிறம் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். எழுத்துருவை இலவசமாகவும் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் சைகைக்குச் சைகை நிறம் எழுதிக்கொண்டு உட்கார, வேலைக்குப் போகும் அம்மாவுக்கு நேரம் ஏது? வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று நாற்பது சைகைகளுக்குச் செய்து பார்த்தேன். மிக நன்றாக இருந்தது. அதற்குமேல் முடியவில்லை.

அப்புறம் அச்சு. எங்கள் வீட்டில் இருப்பது கறுப்பு மை லேசர் பிரிண்டர். அதில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக வரும். கலரில் சரளமாகப் படித்த பக்கத்தைத் தாளில் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். மகளோ முதலிலிருந்தே கறுப்பு வெள்ளைதான். அவள் வேகம் எனக்கு வரவில்லை.

போன மாதம் கேட்டிருந்தால் "தாராளமாகக் கலர் போடு" என்றிருப்பேன். இன்று என் பதில் வேண்டாம் என்பதுதான். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் படி. பக்கத்தில் ஒரு பச்சைப் பென்சில் வைத்துக்கொள். புருவம் வரும் முகத்துக்கு மட்டும் தீட்டு.