‘செல்ஃப் போச்சு’ என்ற ஒரே பேச்சில் என் மூன்று மாதச் சேமிப்பு போனது

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன். அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் மாட்டுகிற எஞ்சின்) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு காலையில் என் படகு மோட்டார் செல்ஃப் எடுக்கவில்லை. செல்ஃப் என்பது சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற சின்ன மின்மோட்டார். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் அசையவே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை நன்றாக ஓடிய மோட்டார் அது. கியர் நியூட்ரலில்தான் இருந்தது, லிவரை ஆட்டியும் பார்த்தேன். பேட்டரியும் அந்த வாரம்தான் சார்ஜ் ஏற்றியது. எனக்குத் தெரிந்தது அத்துடன் முடிந்தது. படகை டிரெய்லரில் ஏற்றி, பாகங்களும் விற்று ரிப்பேரும் பார்க்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சாவியை இரண்டு தடவை திருப்பினார். காதைக் கொடுத்துக் கேட்டார். “செல்ஃப் மோட்டார் போச்சு சார். உள்ளே உப்புத் தண்ணி இறங்கியிருக்கு. ரிலேயும் சேர்த்து மாத்திடுவோம், இல்லைன்னா ஒரு வாரத்துல அதுவும் போயிடும்” என்றார். ரிலே என்பது சாவியைத் திருப்பியதும் பேட்டரி கரன்ட்டைச் செல்ஃபுக்கு அனுப்புகிற சுவிட்ச். நான் தயங்கினேன். பக்கத்தில் என் பையன் நின்றிருந்தான். அவனைப் பார்த்துவிட்டு, “நடுத்தண்ணில நின்னுட்டா என்ன சார் பண்ணுவீங்க? பையனை வேற கூட்டிட்டுப் போறீங்க” என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையோடு, தணிந்த குரலில் சொன்னார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதர் நம்மை ஏமாற்றுவாரா என்று தோன்றியது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். மூன்று மாதச் சேமிப்பு. வலையும் கயிறும் மாற்ற வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தது.

அவருக்குப் பின்னால் சுவரில் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் கையால்கூடத் தொடவில்லை. இப்போது கண்ணை மூடினால் அந்த மீட்டர்தான் தெரிகிறது.

இரண்டு நாள் கழித்துப் படகைக் கொடுத்தார்கள். சாவியைத் திருப்பியதும் எடுத்தது. பில்லில் ‘செல்ஃப், ரிலே, கூலி’ என்று மூன்று வார்த்தைகளும் கீழே ஒரு தொகையும். கழற்றிய பழைய செல்ஃபை நான் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பையனோடு வெளியே போனேன். மோட்டாரை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் தூண்டில் போட்டோம். கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால், அதே ‘டக்’. மறுபடி திருப்பினேன், அதே ‘டக்’. காற்று எங்களைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. நங்கூரத்தைப் போட்டு, கையைக் காட்டிக் காட்டி, கடைசியில் ஒரு படகு கட்டி இழுத்து வந்தது. பையன் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் போனதைவிட அதுதான் என்னை அதிகம் அறுக்கிறது.

துறையில் பக்கத்துப் படகுக்கார அண்ணன் ஒருவர், வயதில் மூத்தவர், மேல்மூடியைக் கழற்றச் சொன்னார். ரிலேயிலிருந்து செல்ஃபுக்குப் போகிற கட்டைக் கேபிள் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. என்னை நாலைந்து தடவை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு அதன் முனையைத் தொட்டுப் பார்த்தவர், வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவு சூடு. “தம்பி, கோளாறு இங்கே இருக்கு” என்றார். அப்புறம் மீட்டரை வைத்தார். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். சாவியைத் திருப்பியபோதும் 12.4-க்குக் கீழே இறங்கவில்லை. ரிலேயின் வெளிமுனையில் 12.3. செல்ஃபின் முனையில் 1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே! பதினோரு வோல்ட்டும் அந்த ஒரு சாண் கேபிளுக்குள் காணாமல் போயிருந்தது. வெட்டிப் பிரித்தால், முனையைப் பிடித்திருக்கிற லக் என்ற உலோக வளையத்துக்கு உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. வெளியே ரப்பர் புதிதுபோல இருந்தது.

டின் பூசிய செம்புக் கேபிள் ஒன்றை அளவாக வெட்டி, புது லக் அழுத்தி மாட்டினார். முதல் திருப்பிலேயே எடுத்தது. இன்றுவரை ஒரு தடவைகூடத் தகராறு இல்லை.

கடைக்காரர் செல்ஃபையும் ரிலேயையும் மாற்றியபோது அந்தக் கேபிளின் இரண்டு முனையையும் கையால் கழற்றித்தானே மாட்டியிருக்கிறார்? அந்த அசைவில் இரண்டு மூன்று நாளைக்குத் தொடர்பு கிடைத்திருக்கிறது. அதை வைத்து ‘சரியாகிவிட்டது’ என்று கொடுத்துவிட்டார். என் பழைய செல்ஃப் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு சாண் கேபிளுக்கு மூன்று மாதச் சேமிப்பு!

போன் செய்தேன். முதல் தடவை, “பேட்டரி வீக்கா இருக்கும், சார்ஜ் போடுங்க.” 12.6 காட்டுகிறது என்று சொன்னதும் லைன் கட்டானது. இரண்டாம் தடவை, “மெக்கானிக் வெளியே போயிருக்கார்.” மூன்றாம் தடவையும் வெளியேதான் போயிருந்தார். நேரில் போனேன். முதல் நாள் அவ்வளவு அக்கறையாகப் பேசியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எலக்ட்ரிக்கல் அயிட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது” என்றார். வெட்டிய கேபிளைக் காட்டினேன். “வேற ஆளை விட்டுக் கை வச்சுட்டீங்க, இனி எங்க பொறுப்பு இல்லை” என்றார். பழைய செல்ஃபையாவது கொடுங்கள் என்றால், “ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு.” நல்ல பொருளை ஸ்கிராப்புக்குப் போடுவார்களா? சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து அடுத்தவருக்கு மாட்டியிருப்பார்கள் என்றுதான் எனக்குச் சந்தேகம்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு அதில் நிற்கவில்லை. அண்ணன் சொன்னதில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஒரே ‘டக்’ கேட்டால் ரிலேவரை கரன்ட் வருகிறது என்று அர்த்தம். ரிலேயின் உள்முனைகள், கேபிள், செல்ஃப் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது பேட்டரி முனை லூசாக இருக்கும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், நியூட்ரல் சுவிட்ச் (கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆக விடுவது), சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். பேட்டரியைச் சும்மா இருக்கும்போது மட்டும் அளந்து நம்பாதீர்கள், சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே அளக்கச் சொல்லுங்கள். மீட்டர் வைக்காமல் ‘செல்ஃப் போச்சு’ என்று யார் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். கோளாறான கேபிளை வெட்டுவதற்கு முன்னால் அது இருந்த இடத்திலேயே, மீட்டர் ரீடிங்கோடு போட்டோ எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, அதனால்தான் ‘வேற ஆள் கை வச்சுட்டார்’ என்று அவர்கள் சொல்லும்போது காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

நாளைக் காலை பில்லோடும் அந்தக் கேபிள் துண்டோடும் மறுபடி போகிறேன். இந்தத் தடவை புகாரை எழுதிக் கொண்டுபோகிறேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும் வரை அங்கேயே உட்காரப் போகிறேன்.