பிளாக்கரா, வேர்ட்பிரஸா: தமிழில் எழுதி விற்பவருக்கு எது பொருந்தும்?

மரச்செக்கு எண்ணெய் போன்ற ஒரு பொருளைப் பற்றித் தமிழில் எழுதி, அதன்வழி வாடிக்கையாளரைச் சேர்க்க விரும்புபவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்: 2003இல் கூகுள் வாங்கிய இலவச வலைப்பதிவுத் தளமான பிளாக்கர், அல்லது அதே ஆண்டில் வெளிவந்த, சொந்த ஹோஸ்டிங்கில் (கட்டணம் கட்டி எடுக்கும் சர்வர் இடத்தில்) நிறுவிக்கொள்ளும் மென்பொருளான வேர்ட்பிரஸ்.

செலவில் பிளாக்கரே மேல். டொமைனுக்கான (தளத்தின் சொந்தப் பெயருக்கான) ஆண்டுக் கட்டணம் தவிர வேறு செலவில்லை. பாதுகாப்பையும் கூகுளே பார்த்துக்கொள்கிறது. வேர்ட்பிரஸில் ஹோஸ்டிங் கட்டணம், பேக்கப், பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) அப்டேட் எல்லாம் நம் பொறுப்பு.

தமிழில் எழுதுபவர் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது பதிவின் முகவரியை. 'மரச்செக்கு நல்லெண்ணெயை எப்படிச் சேமிப்பது' என்று தலைப்பிட்டால், பிளாக்கர் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்ற பொதுப்பெயரையே முகவரியாக வைக்கும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்தும், அதன் புள்ளி, கொம்பு போன்றவையும் தனித்தனியாக) 9 இடங்களை எடுத்துக்கொள்ள, மொத்த வரம்பு 200 மட்டுமே என்பதால், முகவரி 'எப்படி'யின் 'எ'யோடு அறுந்து நிற்கும். அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அது பல நேரங்களில் படிக்கவே முடியாத நீண்ட குறித்தொடராகப் போய்ச் சேரும். ஆகவே இரண்டிலும், வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்துகளில் சுருக்கமான முகவரியை நாமே எழுதிக்கொள்வதுதான் சரி.

விற்பனை என்று வந்தால் வேர்ட்பிரஸுக்கு ஈடில்லை. வூகாமர்ஸ் பிளகினை நிறுவினால் கூடை, கட்டணம், இருப்புக் கணக்கு அனைத்தும் கிடைக்கும். பிளாக்கரில் இவை எதுவும் இல்லை. பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்பிவந்த வசதியும் 2021இல் நின்றுபோனது. அங்கே கேட்ஜெட்டில் (பக்கத்தில் சேர்க்கும் சிறு பெட்டியில்) ஒரு வாட்ஸ்அப் பொத்தானை வைத்துக்கொள்ளலாம். ஆர்டர்கள் போனில் வரும் அளவுக்கு இருக்கும்வரை அதுவே போதும் என்பது என் கருத்து. முதல் நாளே வூகாமர்ஸைப் போட்டுவிட்டு, அதைப் பராமரிப்பதிலேயே எழுதும் நேரத்தை இழப்பது வீண்.

ஆனால் பிளாக்கர் தரும் 'பிளாக்ஸ்பாட்' என்ற இலவச முகவரியிலேயே தங்கிவிடக் கூடாது. பிளாக்ஸ்பாட்டின் இந்திய முகவரியான 'டாட் இன்' 2020இல் கூகுளின் கையைவிட்டுப் போனபோது, அந்த முகவரியோடு பகிரப்பட்டிருந்த பழைய லிங்க்குகள் செயலிழந்தன. சொந்த டொமைனில் பிளாக்கரைத் தொடங்கியவர், பின்னாளில் வேர்ட்பிரஸுக்கு மாறினாலும், ஆண்டு, மாதம், பெயர் என்ற அதே முகவரி அமைப்பை அங்கேயும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவின் பெயரும் பழையபடி இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டால், கூகுள் தேடலில் இருந்து வருபவர் பழைய லிங்க்கிலேயே வந்து சேர்வார்.