மொட்டை மாடியில் 40 மீட்டர்: இன்வெர்டட் வீயா, எண்ட் ஃபெட்டா, வெர்டிகலா?

அரை கிரவுண்டு மனை, 30க்கு 40 அடி மொட்டை மாடி, ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, தெருப்பக்கம் ஈபி கம்பி. நம்மூரில் லைசென்ஸ் வாங்கும் ஹாம்களில், அதாவது பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துபவர்களில், பலருக்கு ஆன்டெனா கட்டக் கிடைக்கும் இடம் இவ்வளவுதான். இதில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 40 மீட்டர் பேண்டுக்கு, என்ன கட்டலாம் என்று நாலு பேரிடம் கேட்டால் மூன்று பதில் வரும். நடுவில் கம்பம் நட்டு இருபுறமும் சரிய விடும் இன்வெர்டட் வீ. ஒரு முனையில் பெட்டி வைத்து ஒரே நீளமாக இழுக்கும் எண்ட் ஃபெட். செங்குத்தாக நிற்கும் கால் அலை வெர்டிகல். அவரவர் கட்டியதை அவரவர் புகழ்வார்கள், ஆனால் காட்டும் சான்று எல்லோருக்கும் ஒன்றுதான்: "எஸ்டபிள்யூஆர் ஒண்ணுக்கு ஒண்ணு வருது சார்."

எஸ்டபிள்யூஆர் என்பது அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்புகிறது என்று காட்டும் விகிதம்; ஒன்றுக்கு ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை. அந்தச் சான்றை வைத்துத் தேர்வு செய்யாதீர்கள் என்பது என் கட்சி. இந்த மூன்றும் மீட்டரை மூன்று விதமாக ஏமாற்றக்கூடியவை. சக்தியை வெறும் சூடாக்கிவிடும் மின்தடையான டம்மி லோடு கூடத்தான் ஒன்றுக்கு ஒன்று காட்டும். அதை வைத்து யாரும் பக்கத்துத் தெருவைத் தாண்டியதில்லை.

முதலில், யாரோடு பேச்சு?

சென்னையில் இருந்துகொண்டு மதுரை, கோவை, பெங்களூர் நண்பர்களோடு காலை நெட்டில் (ஹாம்கள் குறித்த நேரத்தில் வானலையில் கூடும் அரட்டையில்) பேச வேண்டும் என்றால், உங்கள் அலை ஏறக்குறைய நேர் மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே விழ வேண்டும். தரையிலிருந்து கால் அலை உயரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் டைபோல், அதாவது நடுவில் சக்தி ஊட்டும் இரு கைக் கம்பி, இதைத்தான் செய்கிறது; இன்வெர்டட் வீ என்பது கைகள் சரிந்த டைபோல்தான். 40 மீட்டரில் கால் அலை என்பது 10 மீட்டர் சொச்சம். இரண்டு மாடி வீட்டின் கூரையில் ஒரு முழு நீள ஜிஐ பைப்பை நட்டாலே அந்த உயரம் வந்துவிடும். தென் தமிழ்நாட்டின் முனையை ஒட்டிப் புவிகாந்த நடுக்கோடு செல்வதால் நம் தலைக்கு மேலே பகலில் அயனி அடர்த்தி நன்றாகவே இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் செங்குத்தாகப் போனாலும் பெரும்பாலான பகல்களில் திரும்பி வரும். உச்சி வேளையில் கீழடுக்கு கொஞ்சம் விழுங்கிவிடும், அவ்வளவுதான்.

வெர்டிகலுக்கோ நேர் மேலே பார்வையே கிடையாது. அதன் சக்தி தொடுவானத்தை ஒட்டிப் போகிறது. ஆகவே இரவில் ஜப்பானும் ஐரோப்பாவும் காதில் விழும். மதுரைக்காரர் மட்டும் முணுமுணுப்பாகக் கேட்பார். வெர்டிகல் வாங்கிக் கட்டிவிட்டு "உள்ளூர்க்காரர்கள் யாரும் பதில் சொல்வதில்லை" என்று குறைப்படுபவர்களை எனக்குத் தெரியும். ஆன்டெனா தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. எண்ட் ஃபெட் எப்படித் தொங்கவிடுகிறோமோ அப்படி நடந்துகொள்ளும்: படுக்கையாக இழுத்தால் டைபோல் மாதிரி, ஒரு முனை உயர்ந்து சாய்ந்தால் இரண்டுக்கும் நடுவே.

இன்வெர்டட் வீ: கணக்கு ஒத்துவருகிறதா?

143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் வரும். 7.1க்கு 20.1 மீட்டர், ஒரு கைக்கு 10 மீட்டர் சொச்சம். 30க்கு 40 மாடியின் மூலைவிட்டம் 50 அடி, அதாவது 15 மீட்டர் சொச்சம். கம்பம் நடுவில் 6 மீட்டர், மூலைகளில் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு மூங்கில் என்று வைத்தால், உச்சியிலிருந்து மூலை வரை சரியும் நீளம் 8.4 மீட்டர்தான் வரும். மிச்சம் 1.7 மீட்டரை அதே உயரத்தில் பக்கவாட்டில் திருப்பி, இன்னொரு மூங்கிலுக்கு நைலான் கயிற்றில் இழுத்துக் கட்டலாம். முனைகளில் மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால் அந்த மடிப்பால் பெரிய நஷ்டமில்லை. மின்னழுத்தம் மட்டும் அங்கேதான் அதிகம். துணி காயப்போட வருபவரின் கை எட்டாதபடி முனையை உயர்த்த வேண்டியது அதனால்தான்.

உச்சிக் கோணம் 90 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் ஊட்டுமுனை (கேபிள் சேரும் இடம்) ரேடியோவுக்கு வேண்டிய 50 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இந்த அளவில் 130 டிகிரி வருகிறது, தாராளம். உறை போட்ட வயரில் கட்டினால் சூத்திரம் சொல்வதைவிடச் சில விழுக்காடு குட்டையாக நிற்கும். ஆகவே அரை மீட்டர் கூடுதலாக விட்டுக் கட்டி, நானோவிஎன்ஏ என்ற கையடக்க ஆன்டெனா அளவுக் கருவியில் பார்த்துப் பார்த்து இரண்டு கையையும் சமமாக வெட்டுங்கள். கம்பி நீளமாக இருந்தால் ஒத்திசைவு கீழே நிற்கும், வெட்ட வெட்ட மேலே ஏறும். ஊட்டுமுனையில் ஒரு 1:1 சோக் (கேபிளின் வெளியுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுப்பது) வைத்தால் கோஆக்ஸ் கேபிள் தானும் ஆன்டெனாவாக மாறாமல் இருக்கும். போனஸாக, மூன்று மடங்கு அதிர்வெண்ணான 21 மெகாஹெர்ட்ஸிலும் இது ஓரளவு வேலை செய்யும். 14இல் செய்யாது. அதுதான் இதன் பெரிய குறை.

வீ எப்படி ஏமாற்றும்? கேபிள் வழியாக. தண்ணீர் புகுந்து 3 டெசிபல் இழக்கும் கோஆக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஆன்டெனாவில் 2 இருக்கும் எஸ்டபிள்யூஆர் கீழே ரேடியோவருகில் 1.4 ஆகத் தெரியும். அனுப்பிய சக்தியில் பாதி கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். மீட்டரோ பாராட்டுப் பத்திரம் வாசிக்கும். மழைக்குப் பிறகு எஸ்டபிள்யூஆர் திடீரென்று நன்றாகிவிட்டால் சந்தோஷப்படாமல் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

எண்ட் ஃபெட்: பெட்டிக்குள் இருக்கிறது சூட்சுமம்

நடுவில் கம்பம் நட முடியாத அடுக்குமாடிக்காரருக்கு இதைவிட்டால் கதியில்லை. பால்கனியில் பெட்டி, எதிரே தென்னை மரம், நடுவே 20 மீட்டர் வயர். அதே வயர் 40, 20, 15, 10 நான்கு பேண்டிலும் அரை அலையின் மடங்காக அமைகிறது. ட்யூனர் என்ற பொருத்தும் பெட்டி இல்லாமலே சமாளிக்கலாம். வசதியில் வீ இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

விலை வேறு இடத்தில் கொடுக்கிறோம். அரை அலையின் முனையில் மின்தடுப்பு 2,500 ஓமுக்குப் பக்கம். அதை 50க்கு இறக்க 49:1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பரவலாகச் செய்வது எஃப்டி240-43 டோராய்டில் (ஃபெரைட் வளையத்தில்) 2 சுற்று முதன்மை, மொத்தம் 14 சுற்று; மேல் பேண்டுகளுக்காக முதன்மைக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட் உயர் மின்னழுத்தக் கெபாசிட்டர். நன்றாகச் சுற்றிய பெட்டியிலும் 10 முதல் 20 விழுக்காடு வரை வெப்பமாகப் போகும். குரலில் பேசினால் தெரியாது. எஃப்டி8 என்ற கணினிவழி டிஜிட்டல் முறையில் 12 நொடிக்கு மேல் முழுச் சக்தியில் தொடர்ந்து அனுப்பி, மீண்டும் மீண்டும் அனுப்பும்போது வளையம் கொதிக்கும். கொதித்தால் எஸ்டபிள்யூஆர் நகரும். 100 வாட் கொடுத்தால் பெட்டியின் வயர் முனையில் 500 வோல்ட் வரை நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 

இன்னொன்று, மின்னோட்டம் திரும்பி வர வழி வேண்டும். தனியாக 2 மீட்டர் எதிர்வயர் கட்டாவிட்டால் கோஆக்ஸின் வெளியுறையே அந்த வழியாகிவிடும். அப்புறம் மைக்கைத் தொட்டால் சுருக்கென்கிறது, ஸ்பீக்கர் கரகரக்கிறது, வீட்டு எல்இடி விளக்கின் இரைச்சல் எல்லாம் ரிசீவருக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதிர்வயர் கட்டியிருந்தால் பெட்டியருகிலேயே சோக் வையுங்கள். கட்டவில்லையென்றால் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வையுங்கள், அதுவரையுள்ள கேபிள் எதிர்வயராக இருந்துவிட்டுப் போகட்டும். கேபிளைக் கையால் பிடித்தால் எஸ்டபிள்யூஆர் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் மீட்டர் காட்டியது ஆன்டெனாவை மட்டுமல்ல, உங்கள் கேபிளையும் சேர்த்துத்தான்.

சக்தி குறைந்த செட் வைத்திருப்பவர் இங்கே யோசிக்க வேண்டும். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்40 போன்ற செட் தருவதே 7 வாட் அளவுதான். அதில் ஒரு வாட்டைப் பெட்டிக்கு மொய் எழுத எனக்கு மனம் வராது.

வெர்டிகல்: பொய் சொல்வதில் கெட்டிக்காரன்

10 மீட்டர் கண்ணாடியிழைக் கழி, அதனுள் வயர், அடியில் தரைக்குப் பதிலாக விரியும் ரேடியல் வயர்கள். சீரான தரை இருந்தால் ஊட்டுமுனை 36 ஓம், எஸ்டபிள்யூஆர் 1.4. இப்போது ரேடியல்கள் குறைவு, இணைப்புகள் துரு என்று வைத்துக்கொள்வோம். தரை இழப்பு 14 ஓம் கூடுகிறது. 36ம் 14ம் 50. மீட்டர் ஒன்றுக்கு ஒன்று! சக்தியில் 28 விழுக்காடு தரையில் போகிறது. அதாவது இந்த ஆன்டெனா கெடக் கெட மீட்டரில் அழகாகிறது. நல்ல வெர்டிகலைக் கட்டியவர் 1.4ஐப் பார்த்து வருந்துவார், மோசமாகக் கட்டியவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

மாடியில் வைத்தால் 10 மீட்டர் ரேடியல்கள் நான்கு வேண்டும். அரை கிரவுண்டில் அவற்றை நேராக விரிக்க இடமில்லை, கைப்பிடிச்சுவரோரம் மடக்க வேண்டிவரும். ஊருக்குள் மின்சாதனங்கள் கிளப்பும் இரைச்சலையும் வெர்டிகல் கூடுதலாகவே வாங்கும். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னையில் வேரோடு சாய்ந்த மரங்களை நினைத்துக்கொண்டு, இழுகயிறுகளை இரண்டு உயரத்தில் கட்டுங்கள். விழுந்தாலும் ஈபி கம்பியைத் தொடாத இடமாக இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது, மூன்று ஆன்டெனாவுக்கும் இதே விதிதான்.

ஆனால் கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் கதையே வேறு. உப்புநீர் மாதிரி ஒரு தரை காசு கொடுத்தாலும் கிடைக்காது. நீரோரத்தில் நிற்கும் வெர்டிகல் தாழ்ந்த கோணத்தில் வெளிநாடுகளை இழுத்துவரும்; அங்கே என் வீயைக் கழற்றி வைத்துவிடுவேன்.

கெட்டுப்போனால்

அதே கடற்கரைதான் செம்பைப் பச்சையாக்குகிறது. மூன்றிலும் முதலில் போவது இணைப்புகள். பிஎல்-259 கனெக்டரைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப் போட்டு, கேபிளை ஒரு தொங்கு வளைவு விட்டுக் கொண்டுவந்தால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். வெள்ளை நைலான் கயிறு வெயிலில் நைந்துபோகும். மீன்பிடிக் கடைக் கயிறு கூடுதல் காலம் தாங்கும்.

பழுது தேடுவதில் வீயும் வெர்டிகலும் எளிது. கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, நடுமுள்ளுக்கும் உறைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் தண்ணீரோ ஷார்ட்டோ. எண்ட் ஃபெட்டில் இது தலைகீழ்: முதன்மைச் சுற்று உறையோடு சேர்வதால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்டும், அதுதான் சரி. ஷார்ட் என்று நினைத்துப் புதியவர்கள் நல்ல பெட்டியை உடைத்துப் பார்ப்பதுண்டு. பூஜ்யம் காட்டாவிட்டால்தான் பெட்டிக்கோ கேபிளுக்கோ வைத்தியம். வீயில் ஒரு கை அறுந்தால் ஒத்திசைவு எங்கோ ஓடிப்போய் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வெர்டிகலில் ஒரு ரேடியல் அறுந்தால், மேலே சொன்ன காரணத்தால், மாதக்கணக்கில் தெரியாமலே ஓட்டலாம்.

30க்கு 40 மாடிக்கு என் ஓட்டு வீக்கு. கம்பம் நட முடியாதவருக்கு எண்ட் ஃபெட், சோக்கோடு. வெளிநாட்டுப் பைத்தியம் பிடித்தவர் வீயை வைத்துக்கொண்டே வெர்டிகலையும் கட்டி, நடுவில் ஒரு கோஆக்ஸ் சுவிட்சு போட்டுக்கொள்ளட்டும். ஒரே நிலையத்தைக் கேட்டபடி சுவிட்சைத் திருப்பி, சிக்னல் அளவு காட்டும் எஸ் மீட்டரைப் பார்க்காமல், பேச்சு எதில் இரைச்சலுக்கு மேலே தெளிவாக நிற்கிறது என்று காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இடி இடிக்கும்போது மட்டும் வேண்டாம்; அப்போது இரண்டு கேபிளையும் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.